மூடி போடுவதாக இல்லை, அண்ணா

அன்பும் அதட்டலும் அளவு குறையாத என் பெரியண்ணன் அவர்களுக்கு, நீங்களே வாயாடி என்று பெயர் வைத்துக் கூப்பிடும் உங்கள் ஒரே தங்கை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் தொட்டியில் இருப்பவர்களும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் உங்கள் ரத்தக்கொதிப்பும் சுகமாக இருக்க வேண்டும். அதிலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது ரத்தக்கொதிப்பு அடங்கி இருக்க வேண்டும். ஆகையால் முதலில் உட்காருங்கள். அண்ணியிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மூடித்தான் வைப்பீர்கள், தெரியும்.

முதலில் ஒரு வெட்கக்கேடான விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். போன வாரம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது, "தொட்டிய மூடியாச்சான்னு காட்டு பாப்போம்" என்று கேட்டீர்கள். நானும் போனைத் திருப்பிக் காட்டினேன். நீல ரெக்சின் கவர், ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டி வைத்த பைப்பிங், நான்கு மூலையும் கத்தி மாதிரி. பார்த்துவிட்டு, "இப்பதான் இது பொறுப்பான வீடு" என்று சொன்னீர்கள். அண்ணியைக் கூப்பிட்டு அண்ணிக்கும் காட்டினீர்கள். அண்ணா, அது மீன் தொட்டி இல்லை. எங்கள் வாஷிங் மெஷின். "மோட்டார் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்று நீங்கள் கேட்டபோது உள்ளே உங்கள் மாப்பிள்ளையின் சட்டையெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. புது மோட்டார் என்று சொல்லிச் சமாளித்தேன். பொய் சொன்னது தப்புதான். ஆனால் அத்தனை வருஷம் ஒரு ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவருக்கு மீன் தொட்டிக்கும் வாஷிங் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் அதில் பாதித் தப்பு உங்களுடையது.

இதைப் போனிலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்து வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் நீங்கள் என்ன சத்தம் போட்டாலும் நான் பாட்டுக்கு அடுத்த வரியில் பேசிக்கொண்டேதான் இருப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். என் பள்ளிக்கூடப் படிப்பு எந்த வகுப்போடு நின்றது என்று உங்களுக்குத் தெரியும், பாதியில் நிறுத்தியதற்கு நீங்கள்தான் வீட்டில் எனக்காகச் சண்டை போட்டீர்கள், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்த நன்றி வேறு, இந்த மூடி வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சின்ன வீட்டுக்கு மாறும்போது இடமில்லை என்று இந்தத் தொட்டியை எங்களுக்குக் கொடுத்தீர்கள். கொடுக்கும்போதே, "மூடி உடைஞ்சு போச்சு, புதுசு போட்டுக்கணும், மூடாம வெச்சா திருப்பி எடுத்துக்குவேன்" என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள். இப்போது அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், மூடி இல்லையென்றால் தொட்டி அன்றைக்கே வண்டியில் ஏறி உங்கள் நண்பர் பல் டாக்டருடைய ஆஸ்பத்திரிக்குப் போகும் என்றும் சொல்லிவிட்டீர்கள். பாவம் அந்த மீன்கள், காலையிலிருந்து சாயங்காலம் வரை கன்னம் வீங்கியவர்களையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அண்ணா, தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூடி போடுவதாக இல்லை. தொட்டியைக் கொடுப்பதாகவும் இல்லை.

ஏதோ மூடத் தெரியாமல் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மூடுவதுதான் என் பிழைப்பே. இந்தத் தெருவில் நான் கவர் தைத்துக் கொடுக்காத பொருள் ஒன்று உண்டா என்று கேட்டுப் பாருங்கள். பிரிட்ஜுக்குக் கவர், மிக்சிக்குக் கவர், பைக் சீட்டுக்குக் கவர், சோபாவுக்குக் கவர், அந்தக் கவர் அழுக்காகக் கூடாது என்று அதற்கு மேல் ஒரு கவர். ஒரு வீட்டில் டிவி ரிமோட்டுக்குத் தைத்துக் கொடுத்தேன், பட்டனெல்லாம் மறைந்துவிட்டது என்று புகார் வந்தது, அப்போதுதான் அது தூசி படியாமல் இருக்கும் என்று அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் கவர் போடாமல் இருப்பது நானும் உங்கள் மாப்பிள்ளையும் மட்டும்தான், அதிலும் இவர் விஷயம் வேறு, பின்னால் சொல்கிறேன். இப்படிப்பட்டவள் மூட மாட்டேன் என்கிறாளே, ஏதோ காரணம் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

போட்டுப் பார்க்காமலும் இல்லை. தொட்டி வந்த புதிதில் நீங்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அன்றைக்கே அளவெடுத்துத் தைத்தேன். எனக்கு ஒரு பழக்கம், மேலே மூடினால் கீழே தரை வரைக்கும் இறக்கித் தைத்தால்தான் கை நிற்கும். பிரிட்ஜுக்கு அப்படித்தானே தைக்கிறோம். தொட்டிக்கும் அப்படியே தைத்து, ஸ்டாண்டோடு சேர்த்துப் போர்த்தி, பின்பக்கம் ஜிப் வைத்துப் பூட்டினேன். அழகென்றால் அப்படி ஒரு அழகு. மீன் மட்டும் தெரியவில்லை. இவர் ரெண்டு நாள் அதையே சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உள்ள மீன் இருக்குன்னு நம்பிக்கிட்டு உக்காரணுமா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்தார். வந்தவர் அதை மேசை என்று நினைத்து, கையில் இருந்த பேப்பரையும் பையையும் அதன் மேல் வைத்து, முழங்கையை ஊன்றி, சாவகாசமாகப் பேச ஆரம்பித்தார். பேசப் பேச ஆள் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே போகிறார். ரெக்சின் தொய்ந்து முழங்கை தண்ணீருக்குள் போய்விட்டது. மனுஷர் மரியாதைக்காரர், கையை எடுக்காமலே, "உங்க மேசை கொஞ்சம் ஈரமா இருக்கு" என்றார். நானும் ஆமாம் துடைக்க வேண்டும் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அந்தக் கவரைத்தான் கழற்றி வாஷிங் மெஷினுக்குப் போட்டேன். அளவு எப்படிச் சரியாகப் பொருந்தியது என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்தது வலை. காற்றும் போகும், வெளிச்சமும் போகும், பல்லி விழாது, நீங்களும் வாயை மூடிக்கொள்வீர்கள் என்று கணக்குப் போட்டுக் கொசுவலைத் துணியில் எலாஸ்டிக் கோத்து, குளிக்கும்போது தலைக்குப் போடுவோமே, அந்தத் தொப்பி மாதிரி ஒன்று தைத்து மாட்டினேன். இவர் தீனி போட்டால் தீனி வலை மேலேயே உட்கார்ந்துகொள்ளும். கீழே எல்லாரும் வரிசையாக நின்று வாயைத் திறந்துகொண்டு மேலே பார்ப்பார்கள். விரலால் தட்டித் தட்டித்தான் இறக்க வேண்டும். அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் மருந்துக்கடைக்காரருடைய பூனைக்கு அந்த வலை ரொம்பப் பிடித்துவிட்டது. தூளி கட்டி விட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, ஜன்னல் வழியாக வந்து ஏறிப் படுத்துக்கொண்டது. அது நல்ல சாப்பாட்டுப் பூனை. எடை தாங்காமல் வலை இறங்கி, பூனையின் வயிறு மட்டும் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது. நான் பதறிப்போய் ஓடுகிறேன், பார்த்தால் மீன்களெல்லாம் சேர்ந்து பூனையின் வயிற்றைக் கொத்திக்கொண்டிருக்கின்றன, பூனை கண்ணை மூடிக்கொண்டு உறுமுகிறது. கோபத்தில் இல்லை, சுகத்தில். அதற்குப் பிறகு அது தினம் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் வர ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் வந்து, "எங்க பூனை வயித்துல முடி கொட்டுது, உங்க வீட்ல என்ன குடுக்கறீங்க?" என்று விசாரித்தார். வலையைக் கழற்றினேன். வலை இல்லாத அன்றைக்கும் வந்து, தண்ணீரைப் பார்த்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டது. ஆகவே பூனை வரும் பூனை வரும் என்று பயமுறுத்தாதீர்கள். மூடி இருந்தபோதுதான் பூனை ஏறிப் படுத்தது.

மூன்றாவதாக உங்கள் யோசனையே, கண்ணாடிப் பலகை. முனைத்தெருத் தச்சர் ஏதோ கடையில் கழற்றிய அலமாரிக் கண்ணாடி சும்மா கிடக்கிறது என்று கொண்டுவந்து வைத்தார். அகலம் சரி. நீளம் தொட்டியைத் தாண்டி ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இருக்கட்டும் அக்கா, சாமான் வெச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாமான் வைத்தால் அந்தப் பக்கம் சாய்கிறது, வைக்காவிட்டால் போகிறவர் வருகிறவர் இடுப்பில் இடிக்கிறது. நானும் இவரும் ஒரே பக்கத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பார்க்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. அதுவும் போயிற்று. தச்சர் வந்து எடுத்துப் போகும்போது அவரும் ஒரு இடி வாங்கினார், அந்த மட்டில் திருப்தி.

இதெல்லாம் சிரிப்புக் கதை, கண்ணாடிக் கடையில் சரியான அளவு சொல்லி வெட்டி வாங்கினால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அதைச் செய்ய எனக்குத் தெரியாதா? இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அண்ணியிடம் உரக்கப் படித்துக் காட்ட வேண்டாம், நீங்கள் மட்டும் படியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளையின் வலது கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் போனில் ஒருநாளும் கேட்பதில்லை. அக்கறை இல்லாமல் இல்லை, கேட்க முடியவில்லை, எனக்குத் தெரியும். உங்கள் ஆலையில் தகடு அமுக்கும் பிரஸ் மெஷினில் அந்த ரெண்டு விரல் போய், மற்ற விரல்கள் மடங்காமல் நின்றதிலிருந்து இவர் அந்தக் கையை வெளியே எடுப்பதை விட்டுவிட்டார். கடைக்குப் போனாலும் பாக்கெட்டுக்குள், யாராவது வீட்டுக்கு வந்தாலும் பாக்கெட்டுக்குள். இவர் சட்டைக்கெல்லாம் நான் பாக்கெட்டைப் பெரிதாக்கித் தைத்துக் கொடுத்தேன். அதுவும் போதாது என்று மெத்தென்ற துணியில் அந்தக் கைக்கே ஒரு உறை தைத்தேன், மணிக்கட்டில் ரெண்டு பட்டன் வைத்து. நான் தைத்ததிலேயே ஒரு குறையும் சொல்ல முடியாத கவர் அதுதான். அதைப் போட்ட நாளிலிருந்து அந்தக் கையை நானே பார்த்ததில்லை. சாப்பிடுவது இடது கை, கதவைத் திறப்பது இடது கை, என் கையைப் பிடிப்பதென்றாலும் இடது பக்கமாக வந்துதான். பேச்சும் குறைந்துபோனது. நான் பத்து வார்த்தை கிண்டல் பண்ணினால் இவர் ஒரு வார்த்தை திருப்பிக் கொடுப்பார், அதுவும் நின்றுவிட்டது. பதில் சொல்லாத ஆளைக் கிண்டல் பண்ணிப் பாருங்கள் அண்ணா, சுவரில் பந்து போட்டால்கூடத் திரும்பி வரும்.

அப்புறம்தான் உங்கள் தொட்டி வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் இவரே பெயர் வைத்தார், எல்லாம் உங்கள் ஆலைப் பெயர்கள். கொழுத்துப்போய் நடுவில் அசையாமல் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஆரஞ்சு மீன், மேனேஜர். ராத்திரி பகல் தெரியாமல் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருக்கும் ஒல்லி, ஓவர்டைம். எங்கே போனாலும் கூட்டமாகவே போய், கூட்டமாகவே திரும்பும் பொடிசுகள், யூனியன். ஒருநாள் கண்ணாடிப் பலகையை எடுத்த பிறகு, இடது கையால் தீனி போடப்போய் தீனிப் பாக்கெட்டே தண்ணீரில் விழுந்துவிட்டது. எடுக்கிற அவசரத்தில் எந்தக் கை என்று பார்க்காமல் உறையோடு விட்டுவிட்டார். உறை ஊறித் தளர்ந்து, பட்டன் விட்டு, தானாகவே கழன்று மிதந்தது. நான் தையல் மெஷினில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையை வெளியே இழுத்துவிடுவார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. மேனேஜர் மெதுவாக வந்து அந்த விரல் நின்றுபோன இடத்தில் மூக்கை வைத்து முட்டினார். அப்புறம் யூனியன் மொத்தமாக வந்தது. பிறகு இவர் சொன்னார், "இவனுங்க ஒண்ணுமே கேக்க மாட்டேங்கறானுங்க."

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் தேநீர் குடித்துவிட்டு உறையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு இவர் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பயப்படாதீர்கள், மோட்டாரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பிளக்கை மேசை மேல் கண்ணுக்கு எதிரில் வைத்துவிட்டுத்தான் கையை விடுகிறார், உங்கள் ஆலையில் நீங்கள் சொல்லிக் கொடுத்தபடியே. நானும் துணியை எடுத்து வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருகிறேன். ஒருநாள் மருந்துக்கடைக்காரர் பூனையைத் தேடி வந்தவர் அந்தக் கையை நேருக்கு நேர் பார்த்துவிட்டார். நான்தான் பதறி எழுந்தேன். அவர் பார்த்துவிட்டு, "கடிக்குமா?" என்று கேட்டார். இவர், "கூசும்" என்றார். அப்புறம் ரெண்டு பேரும் மேனேஜரைப் பற்றிப் பேச ஆரம்பித்து, ஆலை மேனேஜருக்குப் போய், ஊர் உலகத்து மேனேஜர்களையெல்லாம் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் எழுந்தார்கள். போன வாரம் நான் ஓவர்டைமைப் பார்த்து, இவன் உங்களை மாதிரியே ஓடுகிறான் ஆனால் வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொன்னேன். இவர் உடனே, "அவனுக்கு வாயாடிப் பொண்டாட்டி இல்ல, அதான் இன்னும் ஒல்லியா இருக்கான்" என்றார். அண்ணா, எத்தனை காலம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார் தெரியுமா? நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது சொல்லுங்கள். இந்தத் தொட்டியின் மேல் கண்ணாடியை வைத்து மூடினால் இவர் கையை எங்கே வைப்பார்? தினம் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையை விடலாமே என்பீர்கள். ஒரு கையால் கண்ணாடிப் பலகையைத் தூக்கச் சொல்கிறீர்களா? நான் தூக்கித் தரலாம். தூக்கித் தருகிறேன் என்று நான் எழுந்தால் இவர் உட்காரவே மாட்டார். எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியாதா, உங்களோடு எத்தனை வருஷம் வேலை பார்த்தவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படக் கூடாது. நீங்கள் ரிட்டையர் ஆவதற்கு முன்னால் இப்படி இல்லை. தண்ணீர் டம்ளரை மூடு, பிளக் பாயிண்ட்டை மூடு, தொட்டியை மூடு என்பதெல்லாம் இவருக்கு அடிபட்ட பிறகு வந்த வியாதி. மெஷினுக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்தவர் இவர். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்று அவராகவே கழற்றினார். நீங்கள் ரிட்டையர் ஆகிப் போன பிறகு கழற்றினார், நீங்கள் இருந்திருந்தால் கழற்ற விட்டிருக்க மாட்டீர்கள். இதை அவரே என்னிடம் சொன்னார், உங்களிடம் சொல்லத்தான் அவருக்கும் வாய் வரவில்லை. இரண்டு பேரும் பாறாங்கல் மாதிரி இருக்கிறீர்கள், நடுவில் நான் ஒருத்தி கிடந்து பேசிப் பேசித் தொண்டை வறண்டு போகிறேன். அந்தத் தடுப்பை இனி எத்தனை மூடி போட்டாலும் திரும்பப் போட முடியாது அண்ணா. மீன் தொட்டி மேல் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

சரி, குதித்துவிடும், செத்துவிடும் என்கிறீர்கள். மறைக்க மாட்டேன், ஓவர்டைம் ஒரே ஒரு தடவை குதித்தான். அன்றைக்கு மேல்மாடியில் சுவரில் துளை போடும் மெஷினை ஓட்டினார்கள், அந்தச் சத்தத்துக்கு நானே நாற்காலியை விட்டுக் குதித்தேன். அவன் எகிறி என் துணிக்குவியலில் விழுந்திருக்கிறான். நான் கவனிக்காமல் துணியை அள்ளி ஊசிக்கு அடியில் வைத்துவிட்டேன். மெஷினை மிதிக்கவே இல்லை, துணி மட்டும் தானாக நகர்கிறது. தையல் வேலையில் இப்படி ஒரு வசதி வந்துவிட்டதா என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால் இவன். எடுத்துத் தண்ணீரில் விட்டேன், விட்ட வேகத்தில் ஓட ஆரம்பித்தவன் இன்னும் நிற்கவில்லை. மூடி இருந்திருந்தால் மட்டும் குதித்திருக்க மாட்டானா? குதித்திருப்பான், மண்டை இடித்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அன்றிலிருந்து தண்ணீரை ஒரு சாண் குறைத்தே வைத்திருக்கிறோம். மற்றவர்கள் குதிக்கிற ரகம் இல்லை. யூனியன் எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் குதிக்கும், அவர்கள் முடிவெடுத்து நான் பார்த்ததே இல்லை. மேனேஜர் உடம்பைத் திருப்புவதற்கே அரை நாள் எடுத்துக்கொள்கிறவர். அவர் குதிப்பார் என்று சொன்னால் பூனைகூடச் சிரிக்கும். தூசி விழும் என்றால் விழட்டும், கவர் தைக்கிறவள் வீட்டில் வளர்கிற மீனுக்குப் பஞ்சும் நூலும் பழகாமலா இருக்கும்? தண்ணீர் ஆவியாகும் என்றால் குழாயில் பிடித்து ஒருநாள் வைத்திருந்து ஊற்றிவிடுகிறோம். பல்லி விழும் என்றால் இதுவரை விழவில்லை, விழுந்தால் இவர் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்.

ஆகவே முடிவாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், தாராளமாக வாருங்கள். வண்டியோடு வந்தாலும் சரி, பல் டாக்டரோடு வந்தாலும் சரி. தொட்டியை எடுக்க வேண்டுமானால் சாயங்காலம் தேநீர் முடிந்ததும் வாருங்கள். இவர் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை நன்றாகப் பார்த்து, "எடுங்க மாப்பிள்ளை, தொட்டிய தூக்கணும்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் ஒரு பக்கம் நானே பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுகிறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். நான் பேசாமல் இருப்பதை நான் பிறந்ததிலிருந்து நீங்கள் பார்த்ததில்லை, அதையாவது பார்த்த மாதிரி இருக்கும். சொல்ல முடியாவிட்டால் தேநீர் குடித்துவிட்டுப் போங்கள். மூடி மட்டும் கிடையாது. நீங்கள் என்ன, ஆலை முதலாளியே வந்து கேட்டாலும் கிடையாது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். அவர் கேட்ட தலையணை உறை தயாராக இருக்கிறது, வாஷிங் மெஷினைப் பார்த்து ஏமாந்ததை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம், என்னைவிட உங்களைப் பார்த்துத்தான் அதிகம் சிரிப்பார். உங்கள் ஆசி எப்போதும் எங்கள் தலைமேல் இருக்கட்டும், அதை மூடி எதுவும் போடாமல் நேரடியாகவே அனுப்பவும். உங்கள் உடம்பு திடமாகவும், கோபம் குறுகியதாகவும், ஆயுள் நீண்டதாகவும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்புத் தங்கை,
வாயாடி.

பின்குறிப்பு: வரும்போது தொட்டிக்குக் கண்ணாடி மூடி ஒன்று செய்துகொண்டு வரவும். நல்ல கனமான கண்ணாடியாக இருக்கட்டும். நீள அகலம் உங்களுக்கே தெரியும், உங்கள் தொட்டிதானே. ஒரு மூலையில் மட்டும் கை தாராளமாக நுழைகிற அளவுக்கு வெட்டி, கையைக் கிழிக்காமல் இருக்க ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து வாங்கவும். எந்தக் கை என்று கேட்க வேண்டாம். மேலே எழுதிய தாள்களை மை காயட்டும் என்று தொட்டிக்குப் பக்கத்தில் மேசையில் பரப்பி வைத்திருந்தேன். குதித்தது ஓவர்டைம் இல்லை. மேனேஜர். எந்தச் சத்தமும் இல்லை, எந்த மெஷினும் ஓடவில்லை, மனுஷர் பாட்டுக்கு எழும்பி வெளியே வந்தார். தாள் மேல் விழுந்து, தாளோடு சேர்ந்து மேசை ஓரம் வரை வழுக்கிக்கொண்டு போனார். நான் கத்தினேனே தவிர எழவில்லை. மருந்துக்கடைக்காரர் பூனையைத் தேடி வந்து வாசலில் நின்றிருந்தார். அவர் எதிரிலேயே உங்கள் மாப்பிள்ளை பாய்ந்து பிடித்துத் தண்ணீரில் விட்டார். எந்தக் கையால் பிடித்தீர்கள் என்று கேட்டால் இவருக்கே தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் சொன்னார், ரெண்டு கையாலும் என்று. மேனேஜர் சுகம், பழையபடி நடுவில் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பின்குறிப்பின் வரிகள் கோணலாக இருந்தால் அதற்குக் காரணம், கத்திக்கொண்டு குனிந்ததில் என் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்துவிட்டது. தொட்டிக்குள் விழுந்ததா, மேசைக்கு அடியில் விழுந்ததா என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கலாம் என்றால் அதற்கு மூக்குக்கண்ணாடி வேண்டியிருக்கிறது.